முதலில் பெயர்கள், பிறகு தூபி: மாயா லினை முன்வைத்துச் சில யோசனைகள்

மூன்றாம் வருசத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு குழு அசைன்மென்ட் வந்தது. இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு சிற்பியையோ வடிவமைப்பாளரையோ எடுத்து, அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் கதைக்க வேண்டும். மற்றக் குழுக்கள் அனிஷ் கபூர், ஐ வெய்வெய் என்று பெரிய பெயர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில்தான் நாங்கள் மாயா லினிடம் வந்தோம். உண்மையைச் சொன்னால் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய பெயரை உலகத்துக்குத் தெரியவைத்த வேலையைச் செய்தபோது அவருக்கு வயது 21. எங்கட வயசு. பட்டம்கூட முடிக்காத பிள்ளை. அது எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

பதினைந்து நிமிடம் கதைத்து முடித்தோம், புள்ளியும் வந்தது. கதை மட்டும் முடியவில்லை. கன்ரீனிலும் பஸ்ஸிலும் அதைப் பற்றியே சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தோம். அந்தச் சண்டையில் எங்களுக்கு மிஞ்சிய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நினைவுச்சின்னம் என்று வந்தால் நாங்கள் எல்லாரும் அதன் உருவத்தைப் பற்றித்தான் கதைக்கிறோம். எவ்வளவு உயரம், கை வைப்பதா, தீபம் வைப்பதா, என்ன நிறம். மாயா லின் உருவத்துக்கு முன்னால் பெயர்களைப் பற்றியும், அவற்றை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதைப் பற்றியும் யோசித்தவர். எங்களுக்கு இப்போது தேவைப்படுவது அந்த யோசனைதான்.

முதலில் கதையைச் சொல்லிவிடுவோம். மாயா லின் 1959இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற சிறிய பல்கலைக்கழக ஊரில் பிறந்தவர். தாயும் தகப்பனும் சீனாவிலிருந்து போனவர்கள். தகப்பன் ஹென்றி லின் மட்பாண்டக் கலைஞர், ஒஹையோ பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பீடாதிபதியாக இருந்தவர். தாய் ஜூலியா லின் கவிஞர், அங்கேயே இலக்கியம் படிப்பித்தவர். ஆக, வீட்டில் ஒரு பக்கம் களிமண், மறுபக்கம் சொல். இரண்டும் பிறகு இவருடைய வேலையில் சேர்ந்தே வருகின்றன.

யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவியாக இருக்கும்போது, மரணம் சம்பந்தப்பட்ட கட்டடக்கலை பற்றிய ஒரு வகுப்பை இவர் எடுக்கிறார். அதே நேரத்தில் வொஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினருக்கு நினைவிடம் கட்டத் திறந்த போட்டி அறிவிக்கப்படுகிறது. யான் ஸ்க்ரக்ஸ் என்ற முன்னாள் படைவீரர் தொடங்கிய முயற்சி அது. வகுப்பில் எல்லாரும் அதையே ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். இவர் விடுமுறையில் போய் அந்த இடத்தைப் பார்க்கிறார். பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் மசித்த உருளைக்கிழங்கிலே மாதிரி செய்து பார்த்தாராம். அந்த வகுப்பில் அவருடைய வடிவமைப்புக்குக் கிடைத்தது பி தரம் என்று சொல்கிறார்கள். இந்த இடத்தில் எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரு சந்தோசம் வந்தது, அதை மறைக்க மாட்டோம்.

போட்டிக்கு வந்தவை மொத்தம் 1,421. பெயர் இல்லை, இலக்கம் மட்டும். இவருடையது 1026. 1981 மே மாதம் நடுவர்கள் அதைத் தெரிவு செய்தார்கள். (அந்த மே மாத முடிவில் எங்கட ஊரில் எரிந்தது என்ன என்று இதை வாசிக்கிற ஆருக்கும் சொல்லத் தேவையில்லை.) பெயர் எழுதி அனுப்புகிற போட்டியாக இருந்திருந்தால், சீன முகம் கொண்ட ஒரு மாணவிக்கு அது கிடைத்திருக்குமா? நாங்கள் நினைக்கவில்லை.

இப்படிச் சொன்னால் ஒரு மேதைக் குழந்தையின் கதை போல இருக்கும். அதை நாங்கள் நம்பவில்லை, அவருடைய சொந்த விளக்கமும் அப்படி இல்லை. யேலில் ஒரு பெரிய மண்டபத்தின் நுழைவில், போர்களில் இறந்த பழைய மாணவர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவர் முதல் இரண்டு வருடங்களில் அந்த வழியால் போகும்போது, வியட்நாமில் இறந்தவர்களின் பெயர்களைக் கற்தச்சர்கள் அப்போதுதான் வெட்டிக்கொண்டிருந்தார்களாம். போகிற வருகிற நேரமெல்லாம் அந்தப் பெயர்களைத் தடவிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று பிறகு எழுதியிருக்கிறார். அதோடு கலை வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்கல்லியின் விரிவுரையில் பிரான்ஸின் தியெப்வால் நினைவிடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். முதலாம் உலகப் போரில் உடலே கிடைக்காமல் போன 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ள இடம் அது. ஆக யோசனை வானத்திலிருந்து விழவில்லை. கம்பஸில் தினமும் நடக்கிற வழியில் இருந்த ஒரு சுவர், ஒரு லெக்சர், ஒரு அசைன்மென்ட். நாங்கள் லெக்சரைக் கட் அடிக்கிறதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு.

இன்னொன்று. அவர் போட்டிக்கு அனுப்பிய படங்கள் பாஸ்டலில் தீட்டிய, பார்த்தால் ஒன்றும் விளங்காத மெல்லிய நிறத் தீற்றல்கள். கூடவே கையால் எழுதிய ஒரு பக்க விளக்கம். வடிவமைப்பை யோசிக்க எடுத்ததைவிட அந்தப் பக்கத்தை எழுதத்தான் கூட நேரம் போனதாம். இன்றைக்கும் எந்த வேலையையும் எழுத்தில்தான் தொடங்குகிறார். முதலில் மாதக்கணக்கில் வாசிப்பு, பிறகு எழுத்து, பிறகுதான் கல்லும் மண்ணும். "கலைப்பீடத்தில படிச்சு என்ன செய்யப் போறாய்" என்று கேட்கிற மாமாமாருக்கு இதைச் சொல்லலாம். கேட்பார்களோ தெரியாது.

சரி, அந்தச் சுவர். இரண்டு கறுப்புக் கற்சுவர்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 75 மீற்றர் நீளம். இரண்டும் சந்திக்கிற மூலையில் பத்தடி உயரம், நுனிகளில் எட்டு அங்குலம். நிலத்துக்கு மேலே எழும்பி நிற்கிற சுவர் இல்லை இது. நிலத்தை வெட்டித் திறந்து, வெட்டிய முகத்தை மினுக்கியது மாதிரி. ஒரு சுவர் வொஷிங்டன் தூபியையும் மற்றது லிங்கன் நினைவகத்தையும் நோக்கி நீள்கிறது. நடந்து போகப் போகத் தரை மெல்லச் சரிந்து இறங்க, பெயர்கள் உங்கள் கணுக்காலிலிருந்து தலைக்கு மேலே ஏறுகின்றன. கல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனது. கண்ணாடி போல மினுக்கியிருப்பதால் பெயரை வாசிக்கிறவரின் முகமும் அதில் தெரியும். எழுத்துகள் அரை அங்குலம் அளவுதான். விளம்பரப் பலகை மாதிரித் தூரத்தில் நின்று வாசிக்க ஏலாது, கிட்டப் போக வேண்டும்.

1982 நவம்பரில் திறக்கும்போது அதில் 57,939 பெயர்கள். இப்போது 58,000க்கும் மேல். பதவி இல்லை, ஊர் இல்லை, வீரம் என்ற சொல் பெயர்களுக்குப் பக்கத்தில் இல்லை. பெயர் மட்டும். அகர வரிசையில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், தேட இலகு என்று. மாயா லின் மாட்டேன் என்றார். அகர வரிசையில் போட்டால் ஸ்மித் மட்டும் நூற்றுக்கணக்கில் வரும், டெலிபோன் புத்தகம் மாதிரி. இறந்த திகதி வரிசையில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தேடுகிறவர்களுக்கு அகர வரிசைப் புத்தகம் ஒன்று பக்கத்தில் வைத்தால் போதும்.

இந்த ஒழுங்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரே நாளில், ஒரே சண்டையில் இறந்தவர்கள் சுவரிலும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். உயிரோடு திரும்பிய ஒருவர் வந்து, தான் அங்கே இருந்த மாதங்களைச் சுவரில் தேடிப் பிடிக்கலாம். எந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் தன்னுடைய பெயர் வந்திருக்கக் கூடும் என்பதும் அவருக்குத் தெரியும். 1959இல் தொடங்கும் வரிசை நடு மூலையில் ஆரம்பித்து வலப்பக்க நுனிக்குப் போய், இடப்பக்க நுனியிலிருந்து திரும்பி வந்து, 1975இல் அதே மூலையில் முடிகிறது. முதல் இறப்பும் கடைசி இறப்பும் பக்கத்தில். சிலையோ, துவக்கோ, கொடியோ இல்லாமல் ஒரு போர் எவ்வளவு நீளம் என்பதை நடந்து பார்க்க வைக்கிறது.

அதனால்தான் எதிர்ப்பும் வந்தது. அவமானத்தின் கறுப்பு வடு என்றார்கள். ஏன் கறுப்பு, ஏன் நிலத்துக்குக் கீழே, வீரர்களின் உருவம் எங்கே என்றார்கள். இவருடைய இனத்தையும் இழுத்தார்கள். அப்போதைய உள்துறைச் செயலாளர் ஜேம்ஸ் வாட் அனுமதியைத் தாமதித்தார். கடைசியில் சமரசமாக ஃப்ரெடரிக் ஹார்ட் செய்த மூன்று படைவீரர்களின் வெண்கலச் சிலையும் ஒரு கொடிக்கம்பமும் சேர்க்கப்பட்டன. அவற்றைச் சுவரின் நடுவிலேயே வைக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள், விலகி வைத்ததே பெரிய போராட்டம். சிலை நன்றாகச் செய்யப்பட்ட சிலைதான். ஆனால் சனம் கடிதத்தையும் சப்பாத்தையும் பிறந்தநாள் கேக்கையும் கொண்டுவந்து வைப்பது சுவரடியில். பேப்பரை வைத்துப் பென்சிலால் உரசிப் பெயரைப் பிரதி எடுத்துக்கொண்டு போவதும் அங்கேதான்.

எங்களை உண்மையில் பிடித்து உலுக்கியது வேறொரு சின்ன விஷயம். இதை மாயா லினின் யோசனை என்று சொல்ல வரவில்லை, அந்தச் சுவரில் இருக்கிற ஒரு வழக்கம் இது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறி உண்டு. இறந்தது உறுதியானால் சிறிய வைரக் குறி. காணாமல் போனவர் என்றால் கூட்டல் மாதிரி ஒரு சிலுவைக் குறி. பிறகு எச்சம் கண்டுபிடிக்கப்பட்டால் சிலுவைக்கு மேலே வைரத்தை வெட்டிவிடுவார்கள். அவர் உயிரோடு திரும்பினால் சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். இதுவரைக்கும் ஒரு வட்டமும் போடப்படவில்லை.

இந்த வரியை வாசித்த அன்று எங்கள் குழுவில் ஒருத்தி எழும்பி வெளியே போய்விட்டாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தெருவோரக் கொட்டிலில் படத்தோடு இருந்த அம்மாக்களை நாங்கள் எல்லாரும் பஸ் யன்னலால் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. இறந்தவர் என்று எழுதினால் கையை விட்டதாகும், எழுதாமல் விட்டால் ஆளே இருந்ததில்லை என்றாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கல்லில் ஓர் இடம் வைக்கலாம் என்று அந்தச் சுவர் சொல்கிறது. குறி மாறலாம் என்று முதலே ஒத்துக்கொண்டு வெட்டப்பட்ட கல்.

இனி எங்கட பக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாசலில் இருந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், அதே வருடம் அது திரும்பக் கட்டப்பட்டது. அதைக் கட்டியதும் காப்பாற்றியதும் எங்களுக்கு முதல் இருந்த பட்ச் பிள்ளைகள், அவர்களைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம். ஓர் உருவம் தேவை, அதற்கு முன்னால் நிற்க வேண்டும், விளக்குக் கொளுத்த வேண்டும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இடித்தால் திரும்பக் கட்ட ஏலுமான ஒன்றைப் பற்றியே நாங்கள் எல்லாச் சக்தியையும் செலவழிக்கிறோம். திரும்பக் கட்ட ஏலாத ஒன்று இருக்கே, பெயர், திகதி, இடம், ஆர் கடைசியாகக் கண்டது என்ற தகவல். அதைத் தெரிந்தவர்கள் வருடா வருடம் வயதாகிப் போய்ச் சேருகிறார்கள்.

இதற்கு எங்களில் ஒருவன் சொன்ன மறுப்பு நல்ல மறுப்பு. "அவவுக்குப் பெயர்ப் பட்டியலை அரசாங்கம் கையில குடுத்தது. எங்களுக்கு ஆர் தாறது?" சரிதான். மாயா லினுக்கு முன்னால் 57,939 என்ற கடைசி இலக்கம் வரை எண்ணப்பட்ட ஒரு பட்டியல் இருந்தது, ஏனென்றால் அவர்கள் அரசின் படையினர். அவன் அதோடு விடவில்லை. "சரி, அந்தச் சுவரில வியட்நாம் சனத்தின்ர பேர் எங்க?" என்றான்.

இல்லை. ஒருவருடையதும் இல்லை. இந்தக் கேள்வியை ஒரு கலைஞரே வேலையாகச் செய்திருக்கிறார். 1991இல் கிறிஸ் பேர்டன் 'மற்ற வியட்நாம் நினைவகம்' என்று ஒன்றைச் செய்தார். பெரிய செப்புத் தகடுகள், புத்தகப் பக்கம் போலத் திருப்பலாம், அவற்றில் 30 இலட்சம் வியட்நாமியப் பெயர்கள். ஆனால் உண்மையான பட்டியல் கைக்கு எட்டவில்லை. ஆகவே டெலிபோன் புத்தகத்தில் இருந்த சில ஆயிரம் பெயர்களை எடுத்துக் கணினியில் மாற்றி மாற்றிச் சேர்த்து அந்தத் தொகையை நிரப்பினார். எண்ணிக்கைக்கு மரியாதை செய்தார், ஆனால் அந்தத் தகடுகளில் எந்தத் தாயும் தன் பிள்ளையின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியல் இல்லாதவர்களுக்கு நடப்பது இதுதான். எங்களுக்கும் அப்படி ஒரு தகடு வந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் பயம்.

அந்தச் சுவருக்குப் பிறகு மாயா லின் நினைவிடம் கட்டுகிற பெண் என்ற பெயரிலிருந்து தப்ப நிறையப் பாடுபட்டிருக்கிறார். 1986இல் யேலில் கட்டடக்கலை முதுகலை முடித்தார். 1989இல் அலபாமாவின் மொன்ட்கொமரியில் குடியுரிமைப் போராட்ட நினைவகம். வட்டமான கறுப்புக் கல் மேசை, மேலே மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓடும், விளிம்பைச் சுற்றி 1954இலிருந்து 1968 வரை நடந்தவையும் கொல்லப்பட்டவர்களின் பெயர்களும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே கொஞ்சம் வெறும் இடம் விட்டிருக்கிறார், போராட்டம் 1954இல் தொடங்கவும் இல்லை, 1968இல் முடியவும் இல்லை என்பதால். 14 வயதில் கொல்லப்பட்ட எம்மட் டில்லின் தாய், திறப்பு நாளில் தண்ணீருக்குள் கையை வைத்து மகனின் பெயரைத் தொட்டுக்கொண்டு அழுதார்.

1993இல் யேலுக்காகச் செய்த 'பெண்கள் மேசை' எங்கள் குழுவின் மூன்று பெட்டைகளுக்கும் மிகப் பிடித்தது. அதில் பெயர்கூட இல்லை. நடுவிலிருந்து சுருள் சுருளாக விரியும் இலக்கங்கள் மட்டும். ஒவ்வொரு வருடமும் யேலில் எத்தனை பெண்கள் படித்தார்கள் என்ற கணக்கு. பல்கலைக்கழகம் 1701இல் தொடங்கியது. ஆகவே பூச்சியம், பூச்சியம், பூச்சியம் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பூச்சியம். இளநிலைப் பட்டத்துக்கான யேல் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1969இல்தான். ஒரு சுலோகமும் எழுதாமல், பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிற கணக்கை எடுத்துக் கல்லில் வெட்டினால் அதுவே இவ்வளவு கூர்மையாக இருக்கிறது.

புல்வெளியைக் கடல் அலைகளாக வார்த்த வேலைகளும் உண்டு. நியூயோர்க் மாநிலத்தில் ஸ்டோர்ம் கிங் கலை மையத்தில், ஒருகாலம் கிரவல் தோண்டிய குழி இருந்த இடத்தில், ஏழு வரிசை மண் அலைகள் ஆள் உயரத்துக்கும் மேலே. படத்தில் பார்க்க அழகு, அதற்கு மேல் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நொல் நிறுவனத்துக்குத் தளபாடங்கள் வடிவமைத்தார், 1998இல். டென்னசியில் ஒரு பழைய தானியக் கொட்டிலை உயர்த்தி அதற்குள் லாங்ஸ்டன் ஹியூஸ் பெயரில் நூலகம் ஒன்றைச் செருகினார். விருதுகள் நிறைய, 2016இல் அமெரிக்காவின் உயர்ந்த குடிசார் விருதான சுதந்திரப் பதக்கமும்.

ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். கொலம்பியா ஆறு பசிபிக்கில் விழுகிற முனையில், அங்குள்ள பழங்குடி மக்களோடு சேர்ந்து செய்த வேலைத்திட்டத்தில், இவர் ஒரு மீன் வெட்டுகிற மேசை செய்தார். மீனவர்கள் பாவித்த பழைய மேசை இருந்த இடத்தில் ஒற்றைக் கருங்கல்லில் புது மேசை. அதன் மேல் சினூக் மக்களின் பூர்வீகக் கதை பொறித்திருக்கிறது. மீனை வெட்டிக் கழுவுகிறபோது இரத்தமும் செதிலும் அந்த எழுத்துகளின் மேலால் ஓடும். ஒருவரும் வந்து முன்னால் நின்று வணங்கத் தேவையில்லை. வேலை செய்துகொண்டே வாசிக்கலாம். பருத்தித்துறையிலோ வாழைச்சேனையிலோ கரையில் நின்று மீன் வெட்டுறதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

எல்லாம் எங்களுக்குப் பிடித்தது என்றும் இல்லை. அழிந்துபோன, அழிகிற உயிரினங்களுக்காக 2009இலிருந்து நடத்துகிற 'என்ன காணவில்லை?' என்ற திட்டத்தைத் தன் கடைசி நினைவகம் என்கிறார். அதன் பெரும் பகுதி இணையத்தில் இருக்கிறது. போனில் தட்டித் தட்டிப் பார்த்தோம், ஐந்து நிமிடத்தில் வேறெங்கோ போய்விட்டோம். தொட ஏலாத ஒன்றில் இவருடைய பலம் பாதி போய்விடுகிறது. 2021இல் நியூயோர்க் நகரப் பூங்காவில், உப்புநீர் ஏறிப் பட்டுப்போன 49 மரங்களைக் கொண்டுவந்து நட்டு வைத்தார். அதைப் படத்தில் பார்த்தபோதே வயிற்றுக்குள் என்னவோ செய்தது. ஒரே கவலைதான் இரண்டிலும். ஆனால் மரம் பட்டு நிற்கிறது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

அசைன்மென்ட் முடிந்த பிறகு நாங்கள் செய்யத் தொடங்கிய ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை, காசும் இல்லை. ஐந்து பேரும் ஒவ்வொரு சி.ஆர். கொப்பி வாங்கினோம். அவரவர் ஊரில், அவரவர் ஒழுங்கையில், வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் எழுதுவது. எந்தப் பக்கத்தாலே செத்தவர் என்று கேட்பதில்லை. பெயர், திகதி, இடம். திகதி ஒழுங்கில்.

நினைத்ததைவிடக் கஷ்டம். அம்மம்மாக்களுக்குத் திகதி தெரியாது, "கோயில் கொடியேறி மூண்டாம் நாள்" என்கிறார்கள், "ஓஎல் சோதினை நடந்த கிழமை" என்கிறார்கள். பழைய கலண்டரை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கு. சில வீடுகளில் தேத்தண்ணி தந்து, பெயர் மட்டும் தராமல் அனுப்பிவிட்டார்கள். அதுவும் அவர்களின் உரிமை. அன்றைக்கு எழும்பி வெளியே போனவளின் கொப்பியில் இப்போது 31 பெயர்கள். கடைசிப் பெயர் அவளின் மாமாவுடையது. பக்கத்தில் என்ன குறி போடுவது என்று தாயிடம் கேட்டிருக்கிறாள். "பென்சிலால போடு பிள்ளை" என்றிருக்கிறா அம்மா.